80 பவுண்டுக்கு வித்தாங்களா? வேல்ஸ் பள்ளத்தாக்குல இருக்கிற காஸ்டெல் அ பெரே கோட்டை

13 ஏப்ரல் 2024, இரவு 9.12 (ஒரு வாசகர் கேட்டது)

அக்கா, நீங்க போன வாரம் போட்ட இடிஞ்ச கோட்டை போட்டோ பாத்துட்டு அதைப் பத்தித் தேடிப் படிச்சேன். 1283-ல இங்கிலாந்து ராஜா எட்வர்ட் படை வந்து சுத்தி வளைச்சதும் உள்ள இருந்தவங்க 80 பவுண்டு வாங்கிட்டு கோட்டையை ஒப்படைச்சுட்டாங்களாமே. சொந்த நாட்டைக் காசுக்கு வித்த துரோகிங்க இருந்த எடம், அதுக்கு எதுக்கு இவ்ளோ உருக்கம்?

13 ஏப்ரல், இரவு 11.45

தம்பி, 80 பவுண்டு விஷயம் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா துரோகிங்கன்னு அவ்ளோ சுலபமா சொல்லிட்டீங்களே, அது மனசுக்கு ஒப்பல, அதான் தூங்கப் போகாம டைப் பண்ணிட்டு இருக்கேன்.

எடம் எங்கன்னு மத்தவங்களுக்காக சொல்லிடுறேன். வேல்ஸ் மேற்குக் கரையில டவின்னு ஒரு சின்ன கடலோர ஊர். அங்கேருந்து உள்பக்கமா டசன்னி ஆத்தை ஒட்டிப் போனா ஒரு பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல தட்டு மாதிரி சமமான புல்வெளி. காடர் இட்ரிஸ் மலை அடிவாரம் வரைக்கும் போகுது. அந்த சமவெளில திடீர்னு ஒரு நீளமான பாறை முதலை படுத்த மாதிரி கெடக்கும், அது மேலதான் கோட்டை. எங்க வீட்டுலேருந்து கார்ல ஒரு மணி நேரம், ஏழு வருஷமா போயிட்டு வரேன், டிக்கெட் கிடையாது, கடை கிடையாது, பாதி நாள் நாம மட்டும்தான் இருப்போம், மிச்சம் எல்லாம் ஆடு.

இப்ப கணக்கு. எட்வர்ட் படையில ஒரு காலாள் வீரனோட நாள் கூலி 2 பென்ஸ். 80 பவுண்டுன்னா 8000 பென்ஸ், அதாவது 4000 நாள் கூலி. ஒரு கோட்டை பூரா ஆளுங்க பங்கு போட்டா தலைக்கு என்ன பெருசா வந்துடும்? இதுக்குப் போயா நாட்டை விப்பாங்க?

14 ஏப்ரல், காலை 7.20

மேல போட்ட கணக்கு தப்பு. ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. பவுண்டுக்கு 100 பென்ஸ்ங்கிறது 1971-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி 240 பென்ஸ். அப்போ 80 பவுண்டு = 19,200 பென்ஸ் = 9600 நாள் கூலி. ஒரே ஆளு தினமும் வேலை பாத்தா 26 வருஷ சம்பளம். ஒரு பேச்சுக்கு உள்ள 50 பேர்னு வச்சா தலைக்கு 192 நாள் கூலி, ஆறு மாசத்துக்கு மேலயே. சின்னக் காசுன்னு நான் சொன்னது நிக்காது. தம்பி பக்கம் ஒரு பாயிண்ட் கூடுதுன்னு ஒத்துக்கறேன்.

ஆனா துரோகின்னு இன்னமும் ஒத்துக்க மாட்டேன். காரணம் சொல்லத் தெரியல, யோசிக்கணும்.

14 ஏப்ரல், மதியம் 2.05

யோசிக்கும்போது அப்பா ஞாபகம் வந்துடுச்சு, அதை எழுதிடுறேன், சம்பந்தம் இருக்கா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம்.

போன வருஷம் அப்பா இங்க வந்து ரெண்டு மாசம் இருந்தார். நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பாத்தவர். மத்த பெரிய கோட்டையெல்லாம் கூட்டிட்டுப் போனேன், சரி சரின்னு பாத்துட்டு வந்தார். இந்த எடத்துல மட்டும் கார்லேருந்து இறங்கினவர் முட்டி வலியையும் பொருட்படுத்தாம பாறைப் பாதையில ஏறிட்டார். இப்ப செவரு பல எடத்துல இடுப்பு உசரம், சில எடத்துல தலைக்கு மேல, அவ்ளோதான் மிச்சம். அவர் அண்ணாந்து பாக்கவே இல்ல. நேரா செவருகிட்ட போயி கையை வச்சார்.

அந்தப் பக்கத்துக் கல்லு பலகை பலகையா பிளக்குற கல்லு. பெரிய கல்லைப் படுக்க வச்சு, இடையில வர்ற சந்துல விரல் கனத்துக்கு சில்லு சொருகி, சுண்ணாம்புச் சாந்து போட்டு ஏத்தியிருக்காங்க. அப்பா ஒரு ஒரு சில்லா தடவிக்கிட்டே போறார். "இவன் எடது கைக்காரன் பாரு, சில்லு எல்லாம் இந்தப் பக்கத்துலேருந்து அடிச்சிருக்கான்"னார். அது நெசமா எனக்குத் தெரியாது, அவருக்கு சந்தேகமே இல்ல. அப்புறம் ஒரு எடத்துல நின்னு "இது பழசு இல்ல, பின்னாடி யாரோ பூசியிருக்காங்க"ன்னார். ஆமா, இருவதாம் நூற்றாண்டுல செவரு விழாம இருக்க அரசாங்கம் சாந்து போட்டு நிறுத்தின எடங்கள் இருக்கு. எனக்கு ஏழு வருஷமா கண்ணுல படாதது அவருக்குத் தொட்டதும் தெரிஞ்சுது.

தெற்குக் கோபுரம் பாத்து அசந்துட்டார். முன்பக்கம் அரைவட்டமா பாறை நுனியில நீட்டிக்கிட்டு இருக்கும், பின்பக்கம் தட்டை. அப்படி நீளமா, நுனி மட்டும் உருண்டையா கட்டுறது வேல்ஸ் இளவரசர்களோட பாணி, இங்கிலாந்துக்காரங்க கட்டினதுல இந்த மாதிரி சுலபத்துல பாக்க முடியாது. உருண்டைப் பக்கம் வில்லாளிக்கு மூணு திசையும் தெரியும், பின்னாடி தட்டைப் பக்கம் குடித்தனம் பண்ண ஒழுங்கான அறை கெடைக்கும். அப்பா சொன்னது: "வட்டமா கட்டுறது கூட ஈஸிம்மா, வட்டத்தை நேர்ச்செவத்தோட சேக்குற எடத்துலதான் கொத்தனார் யாருன்னு தெரியும்."

அந்தக் கோபுரத்து உள்செவத்துல ஒரு சில்லு லூஸா ஆடிட்டு இருந்துச்சு. உள்ள அழுத்தி வைக்கப் போனார், நான் கையைப் பிடிச்சுத் தடுத்துட்டேன், பாதுகாக்கப்பட்ட சின்னம், நம்ம கை வைக்கக்கூடாதுன்னு. அன்னிக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத்தான் இருந்தார்.

16 ஏப்ரல், இரவு 10.30

வேறொருத்தர் கேட்டிருக்கார், இது எட்வர்ட் கட்டினது இல்லையா, வேல்ஸ்ல கோட்டைன்னாலே அவர்தானேன்னு. இல்லங்க. கானார்வன், கான்வி, ஹார்லெக் எல்லாம் அவரோடது. இது அதுக்கு அறுவது வருஷம் மூத்தது, மகா லெவெலின்னு சொல்ற லெவெலின் அப் யோர்வெர்த் கட்டினது, 1221 வாக்குல. (கட்டினதுன்னு அடிச்சுச் சொல்லக்கூடாது. பழைய வேல்ஸ் வரலாற்றுப் பதிவுல 1221-ல "அங்க தனக்குன்னு ஒரு கோட்டை கட்ட ஆரம்பிச்சார்"ங்கிற அளவுலதான் இருக்கு, பேரு போடல. அது இந்தக் கோட்டைதான்னு பொதுவா எல்லாரும் எடுத்துக்கறாங்க, நானும்.)

ஆனா எதுக்குக் கட்டினார்ங்கிறதுதான் என்னை ஆட்டிப் படைக்கிற விஷயம். இங்கிலாந்துக்காரனை எதிர்த்துன்னு நெனச்சீங்கன்னா அதோட இன்னொரு கதையும் இருக்கு. இந்த மெய்ரியோனித் சீமையை லெவெலின் தன் சொந்த மகன் கிரிஃபித்துக்குக் குடுத்திருந்தார். மகன் அங்க பண்ண அடாவடி தாங்காம, 1221-ல அதைப் புடுங்கிட்டு கோட்டை கட்ட ஆரம்பிச்சார். அதாவது பெத்த மகன் கையிலேருந்து எடுத்த நிலத்துல, அவன் திரும்பி வந்துடக்கூடாதுன்னு அப்பா வச்ச பூட்டு இது.

அந்த கிரிஃபித் முடிவு கொடுமை. கடைசியில லண்டன் கோபுரத்துல கைதியா இருந்தார். 1244 மார்ச் 1-ந் தேதி துணியை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா இறங்கித் தப்பிக்கப் பாத்தப்ப அறுந்து விழுந்து செத்துட்டார். மார்ச் 1 இங்க செயின்ட் டேவிட் நாள், ஸ்கூல் பசங்க எல்லாம் பாரம்பரிய டிரெஸ் போட்டு மஞ்ச டாஃபடில் பூ குத்திட்டுப் போவாங்க. எம் பொண்ணுக்கு அந்தப் பூவைக் குத்திவிடும்போது வருஷா வருஷம் எனக்கு அந்தத் துணி முடிச்சு ஞாபகம் வரும்.

17 ஏப்ரல், காலை 8.02

உச்சரிப்பு கேட்டவங்களுக்கு. லெவெலின்னு நான் எழுதுறது சரியில்ல, ஆனா தமிழ்ல வேற வழியில்ல. அந்த மொத எழுத்துக்கு நாக்கை ல சொல்ற எடத்துல வச்சுக்கிட்டு ரெண்டு ஓரமும் காத்தை மட்டும் ஊதணும், குரல் வரக்கூடாது. நம்மகிட்ட ல ள ழ மூணு இருந்தும் இது இல்ல. காஸ்டெல்ல கடைசி சத்தமும் அதேதான். நடுவுல வர்ற 'அ'க்கு சும்மா வாயைத் திறந்தா போதும். 'அப்'னா மகன். டாவித் அப் கிரிஃபித்னா கிரிஃபித் மகன் டாவித், நம்ம இனிஷியல் மாதிரியேதான், அப்பன் பேருதான் அடையாளம்.

கோட்டையைப் பாத்துக்கற அரசு அமைப்பு பேரு கடூ. வேல்ஸ் மொழில 'காத்து வை'ன்னு அர்த்தம். நம்ம 'கா'வுக்கும் அதுக்கும் உறவு கிடையாது, ஆனா போர்டுல அந்தப் பேரைப் பாக்கும்போதெல்லாம் காதுக்கு நம்ம வார்த்தையாத்தான் கேக்குது.

20 ஏப்ரல், இரவு 11.10

இன்னிக்கு கொஞ்சம் நேரம் கெடச்சுது, 1283-ஐ முழுசா சொல்லிடுறேன். 80 பவுண்டை இது இல்லாம பாக்கக்கூடாது.

கிரிஃபித்துக்கு மகனுங்க உண்டு. ஒருத்தர் லெவெலின் (தாத்தா பேரு), இன்னொருத்தர் டாவித். லெவெலின்தான் வேல்ஸ் இளவரசர்னு இங்கிலாந்தே ஏத்துக்கிட்ட ஆளு. டாவித் 1277 சண்டையில அண்ணனை எதிர்த்து எட்வர்ட் பக்கம் நின்னவர், அதுக்கு நிலமும் வாங்கினவர். அதே டாவித் 1282 மார்ச்ல எட்வர்டுக்கு எதிரா திரும்பி ஹவார்டன் கோட்டையைத் தாக்கினார், கலகம் பத்திக்கிச்சு, அண்ணனும் இறங்க வேண்டியதாச்சு. 1282 டிசம்பர் 11 அண்ணன் கில்மெரி பக்கத்துல கொல்லப்பட்டார். ஜனவரியில டோல்விதெலன் கோட்டை போச்சு. டாவித் தெக்கால இறங்கி இந்தக் கோட்டைக்கு வந்தார். ஏப்ரல்ல ரெண்டு பக்கத்துலேருந்து படை வந்துச்சு, கிழக்கேருந்து ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச், தெற்கேருந்து வில்லியம் டி வாலன்ஸ். பத்து நாள் முற்றுகை. ஏப்ரல் 25 கோட்டை ஒப்படைப்பு. டாவித் அப்போ உள்ள இல்ல, வடக்கு மலைக்குப் போயிட்டார்.

ஜூன்ல அவரைப் புடிச்சாங்க. அக்டோபர் 3 ஷ்ரூஸ்பரி தெருவுல குதிரை பின்னால கட்டி இழுத்துட்டுப் போயி, தூக்குல போட்டு, வயித்தைக் கிழிச்சு, நாலு துண்டா வெட்டினாங்க. அவரோட ரெண்டு பையனுங்களையும் பிரிஸ்டல் கோட்டையில அடைச்சாங்க. மூத்தவன் நாலு வருஷத்துல செத்துட்டான். சின்னவன் ஒவைன், பெரிய ஆளானப்புறமும் 1305-ல ராஜா உத்தரவு போடுறார், ராத்திரியில இரும்பு அடிச்ச மரக் கூண்டுல வைங்கன்னு. பொண்ணு குவ்லாடிஸை லிங்கன்ஷர்ல ஒரு மடத்துக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வரவே இல்ல.

தாத்தன் மகனுக்கு எதிரா கட்டின கோட்டையில அந்த மகனோட மகன் வந்து ஒளிஞ்சு நின்னிருக்கான். இதை நான் அப்பாகிட்ட சொன்னப்ப கல்லு மேல உக்காந்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அவன் கட்டினது அவன் பேரனுக்குக் கூட உதவலையா"ன்னு மட்டும் கேட்டார்.

தம்பி, இப்ப சொல்லுங்க, இதுல துரோகி யாரு? மொதல்ல எட்வர்ட் பக்கம் நின்ன டாவிதா? வெளியூர் போயிட்ட டாவித்துக்காக பத்து நாள் உள்ள உக்காந்திருந்தவனுங்களா?

21 ஏப்ரல், மாலை 6.15

நேத்து கடைசி வரி கோவத்துல எழுதினது, டாவித்துக்கு நியாயம் பண்ணல. அவர் ஓடினார்னு படுற மாதிரி எழுதிட்டேன். அவர் வெளிய இருந்தாத்தான் சண்டை தொடரும், உள்ள மாட்டினா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அதை வாபஸ் வாங்கிக்கறேன்.

இன்னொரு கணக்கு போட்டுப் பாத்தேன், இந்த தடவை 240-தான். முற்றுகை போட்ட படை ஆயிரம் பேருக்குக் குறையாது, ஆயிரம்னே வச்சுக்கோங்க. தலைக்கு 2 பென்ஸ், ஒரு நாளைக்கு 2000 பென்ஸ், எட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. இதுல குதிரை வீரன் சம்பளம், தீனி, வண்டி எதுவும் சேக்கல. இன்னும் பத்து நாள் இழுத்திருந்தா காலாள் கூலி மட்டும் 83 பவுண்டு. குடுத்தது எவ்ளோ? 80.

இதைப் போட்டதும் எனக்கு அப்படியே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுடுச்சு. நாம இத்தனை நாளா "அவன் எவ்ளோவுக்கு வித்தான்"னே கேட்டுட்டு இருந்தோம். வாங்கினவன் பக்கம் போய் நின்னு பாருங்க. பத்து நாள் செலவைக் குடுத்து பத்து நாளை வாங்கியிருக்கான். அது ஏன் முக்கியம்னா, ஒப்படைச்ச கையோட எட்வர்டோட தளபதி ஓட்டோ டி கிராண்ட்சன் 560 காலாளோட இங்கேருந்து ஹார்லெக் போறார், அங்க அந்த வருஷமே பெரிய கோட்டை வேலை ஆரம்பிக்குது. அவங்களுக்கு இது வழியில நின்ன ஒரு கேட்டு மாதிரி.

உள்ள இருந்தவங்களுக்கு? இளவரசர் செத்தாச்சு, டோல்விதெலன் போயாச்சு, உதவிக்கு வர்றதுக்கு படையே கெடையாது. பிடிவாதமா நின்னு கோட்டையை உடைச்சு உள்ள வந்தா என்ன பண்ணுவாங்கன்னு அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். காசு வாங்காம தொறந்திருந்தா தியாகி, வாங்கினா துரோகியா? ரெண்டுலயும் கோட்டை போயிடும், ஆனா ஒண்ணுல வீட்டுக்கு ஆறு மாசத்துக் கூலி போகும்.

25 ஏப்ரல், காலை 6.50

இன்னிக்குத் தேதி 25. 741 வருஷம்.

25 ஏப்ரல், இரவு 9.40

அப்புறம் என்னாச்சுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு. எட்வர்ட் கோட்டையை ரிப்பேர் பண்ணார், தனியா நின்ன தெற்குக் கோபுரத்தை மத்த கட்டடத்தோட செவரு எழுப்பிச் சேத்தார், பக்கத்துல ஒரு சின்ன ஊரை உருவாக்கி நகர உரிமையும் குடுத்தார். அந்த ஊரு இப்ப ஒரு வீடு கூட மிச்சம் இல்ல, புல்லுதான். 1294-ல மடோக் அப் லெவெலின் (இது வேற லெவெலின்) கலகம் வந்தப்ப கோட்டையை மறுபடி சுத்தி வளைச்சாங்க, இந்த தடவை உள்ள இருந்தது இங்கிலாந்துக்காரன், வெளிய வேல்ஸ்காரன். அதோட பதிவுலேருந்து இந்தக் கோட்டை காணாமப் போயிடுது. பின்னாடி தோண்டிப் பாத்தப்ப நெருப்புப் புடிச்ச தடயம் இருந்துச்சு. 1221-லேருந்து 1294 வரைக்கும்னு வச்சா மொத்த ஆயுசு 73 வருஷம். எங்க அப்பா வயசு 71.

தோண்டினது பத்தொம்பதாம் நூற்றாண்டுல, அதே பள்ளத்தாக்குல பெனியார்த்னு ஒரு மாளிகையில இருந்த நிலக்கிழார் டபிள்யூ. டபிள்யூ. இ. வின். கோட்டையிலேருந்து எடுத்த செதுக்கின கல்லுங்களைப் பாத்தா, அங்க அழகா வேலைப்பாடு பண்ண அறை இருந்திருக்குன்னு தெரியுது. வெறும் காவல் கோட்டைன்னா யாரு இவ்ளோ செலவு பண்ணிச் செதுக்குவாங்க? லெவெலின் அங்க வாழணும்னு நெனச்சுத்தான் கட்டியிருக்கார்னு நான் நம்பறேன்.

28 ஏப்ரல், மதியம் 1.30

போக ஆசைப்படறவங்களுக்கு. மழைக்கு பூட்ஸ் கட்டாயம், பாறைப் பாதை வழுக்கும். நாயைக் கயித்துல புடிச்சுக்கோங்க, ஆடு குட்டி போடுற சீசன். ஜிபிஎஸ்ஸை நம்பி நான் ஒரு தடவை யாரோ ஒரு விவசாயி வீட்டு முத்தத்துல போய் நின்னேன், அந்த அம்மா கோவப்படாம டிராக்டரை நகத்தி வழி விட்டாங்க. லான்விஹாங்கெல் அ பென்னன்ட்னு (கோட்டைக்குப் பக்கத்து கிராமம்) போட்ட போர்டைப் பாத்துட்டே போங்க, அது போதும்.

வழியில பறவைப் பாறைன்னு ஒரு பெரிய செங்குத்துப் பாறை வரும், அதுல நீர்க்காகம் கூடு கட்டும். கடலோரத்துல கட்ட வேண்டியது பல மைல் உள்ள வந்து கட்டுது. ஒரு காலத்துல கடல் அந்தப் பாறை அடி வரைக்கும் வந்துட்டு இருந்துச்சு, அப்புறம் வண்டல் சேந்து பின்வாங்கிடுச்சு, பறவை மட்டும் பழைய விலாசத்தை விடலன்னு சொல்றாங்க. அதான் அந்தப் பள்ளத்தாக்கு தரை அவ்ளோ சமமா இருக்கு.

மேரி ஜோன்ஸ் பத்திக் கேட்ட அம்மாவுக்கு: ஆமா, அதே கிராமந்தான். 1800-ல 15 வயசுப் பொண்ணு, நெசவுக்காரர் மக, வருஷக்கணக்கா காசு சேத்து வேல்ஸ் மொழி பைபிள் வாங்க பாலாங்கிற ஊர் வரைக்கும் 25 மைலுக்கு மேல நடந்தே போனா. அந்தக் கதையும் ஒரு தூண்டுதலா இருந்துதான் 1804-ல லண்டன்ல பைபிள் சங்கம் ஆரம்பிச்சாங்கன்னு சொல்றது வழக்கம். அவங்க வீட்டு அடிச்செவரும் நினைவுக்கல்லும் கோட்டைக்குக் கிட்டத்துலயே இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கலாம்.

5 மே, இரவு 10.05

தம்பி மறுபடி வந்து எழுதியிருக்கார், "சரிக்கா, துரோகிங்கிறதை எடுத்துடுறேன், ஆனா வீரனுங்கன்னும் சொல்ல மாட்டேன்." எனக்கு இது போதும். நானும் வீரனுங்கன்னு சொல்லல. காசை அவங்க கையில எப்படி எண்ணினாங்க, யாரு பங்கு வச்சாங்க, வீட்டுக்குப் போனப்புறம் பொண்டாட்டிகிட்ட என்ன சொன்னாங்க, இதெல்லாம்தான் எனக்கு ராத்திரில ஓடுது.

நேத்து தனியா போயிருந்தேன். முற்றத்துல பாறையிலயே வெட்டின கெணறு ஒண்ணு உண்டு, உள்ள எட்டிப் பாத்தா சுத்தி ஃபெர்ன் செடி, அடியில கறுப்பா தண்ணி. பத்து நாளும் அதைத்தான் குடிச்சிருப்பாங்க. தண்ணி இருந்துச்சு, அதனால தாகத்துல ஒப்படைக்கல. இது அவங்களுக்கு எதிரா போற பாயிண்ட், ஆனா கண்ணால பாத்ததை மறைக்கக்கூடாதுன்னு எழுதறேன்.

12 மே, காலை 9.15

இதோட நிறுத்திக்கறேன், பசங்களுக்குப் பரீட்சை.

அப்பா வாராவாரம் போன்ல கேக்கற ஒரே கேள்வி, "அந்த சில்லு இருக்கா?" போன வாரம் போனப்ப தெற்குக் கோபுரத்துல தேடிப் புடிச்சேன். இருக்கு, ஆனா போன வருஷத்தை விட ஒரு விரக்கடை வெளிய வந்துருக்கு. கை வைக்கல. போட்டோ எடுத்து கோட்டையைப் பாத்துக்கறவங்களுக்கு மெயில் போட்டேன், எந்தக் கோபுரம், தரையிலேருந்து எவ்ளோ உசரம்னு அப்பா சொல்லச் சொல்ல எழுதி. அப்பாவுக்கும் அதே போட்டோவை அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "சீக்கிரம் வரச் சொல்லு, ரெண்டு மழைதான் தாங்கும். சிமெண்ட் வைக்க வேணாம்னு சொல்லு, சுண்ணாம்பு."